‘நல்லா இருக்கு’ தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள்

கேள்வி: எட்டாம் வகுப்புக்கு ஓவிய ஆசிரியை நான். பொது இடத்துச் சிலைகளை ரசிக்கப் பழக்குவதைச் செயலாராய்ச்சிக்கு (ஆசிரியரே தன் வகுப்பில் செய்து பார்த்துத் திருத்திக்கொள்ளும் ஆய்வு) எடுத்துக்கொண்டேன். பிள்ளைகளைச் சிலை முன் நிறுத்தி, அதன் வரலாற்றைச் சொல்லி, கருத்து எழுதச் சொன்னேன். பலரும் ‘நல்லா இருக்கு’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். இதை எப்படி அளப்பது?

பதில்: அந்தத் தாள்களைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் ஆராய்ச்சியின் முதல் தரவு அவைதான். நானும் முதல் சுற்றில் சிற்பியின் பெயர், ஆண்டு என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் ‘பாருங்கள்’ என்றேன். பிள்ளைகள் என் வாயைத்தான் பார்த்தார்கள். நான் சொன்னதே தாளில் திரும்பி வந்தது.

அடுத்த சுற்றில் பத்து நிமிடம் பேச்சே கிடையாது. சுற்றி நடக்கலாம், உட்காரலாம், அண்ணாந்து பார்க்கலாம். பிறகு மூன்று கேள்விகள்: இங்கே என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? உளவியலாளர் அபிகேல் ஹௌசனும் அருங்காட்சியகக் கல்வியாளர் பிலிப் யெனவைனும் உருவாக்கிய முறை இது. உயிர் இருப்பது நடுக்கேள்வியில். ஒரு மாணவன், ‘இவருக்குக் கோபம்’ என்றான். முகம் சாந்தமாகத்தான் இருந்தது. எதைப் பார்த்து என்று கேட்டதும் சிலையின் பின்பக்கம் போய், முதுகோடு ஒட்டி இறுகியிருந்த கையைக் காட்டினான். எத்தனையோ முறை அங்கே போயிருக்கிறேன். அந்தக் கை என் கண்ணில் பட்டதே இல்லை.

பொதுக்கலைக்கு நான்காவதாக ஒரு கேள்வியும் வேண்டும்: இதை ஏன் இங்கே, இப்படி வைத்தார்கள்? பிரெஞ்சுச் சிற்பி ரோதன் தன் ‘கலே நகரத்தார்’ சிற்பத்தைத் தரைமட்டத்தில், மக்களோடு மக்களாக நிறுத்த விரும்பினார். 1895இல் உயரமான பீடத்தில் ஏற்றினார்கள். அவர் இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 1924இல்தான் கீழே இறக்கினார்கள். இதைச் சொன்னதும் என் பிள்ளைகள் எந்தச் சிலைக்குப் போனாலும் முதலில் பீடத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

‘பிடிக்கவில்லை’ என்று எழுதினால் பதற வேண்டாம். அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செர்ராவின் சிற்பமான 120 அடி நீள எஃகுச் சுவர் 1981இல் நியூயார்க்கின் ஒரு சதுக்கத்தில் நின்றது. வழியை மறிக்கிறது என்று அங்கே வேலை பார்த்தவர்கள் பலர் எதிர்த்தார்கள். 1989இல் அகற்றிவிட்டார்கள். காரணத்தோடு மறுப்பதும் ரசனைதான். ஆகவே பிடித்ததா என்பதை அளக்காதீர்கள். கண்ணால் கண்ட விவரம் எத்தனை, அவற்றில் கருத்துக்குக் காரணமாக நின்றவை எத்தனை என்று எண்ணுங்கள். முன்னும் பின்னும் எழுதியவற்றைப் பெயர் மறைத்துக் கலந்து, வேறொரு ஆசிரியரையும் எண்ணச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் பிள்ளை பேசுவதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒப்பிட இன்னொரு வகுப்பு கட்டாயமில்லை. 1946இல் உளவியலாளர் கர்ட் லெவின் விளக்கிய செயலாராய்ச்சியே திட்டமிட்டு, செய்து, விளைவைப் பார்த்து, திருத்தி மீண்டும் செய்வதுதான்.

அடுத்த முறை புதிய சிலை தேட வேண்டாம். அதே சிலைக்குப் போங்கள். பழைய தாளைக் கையில் கொடுத்து, ‘நல்லா இருக்கு’ என்ற வரிக்குக் கீழேயே தொடர்ந்து எழுதச் சொல்லுங்கள்.