அண்ணனுக்கு வீக்கம் இருக்கு புழு இல்ல, எனக்கு புழு இருக்கு வீக்கம் இல்ல, ஏன் டாக்டர்?

கேள்வி: ராத்திரி எடுத்த ரத்த டெஸ்ட்ல எனக்கு பைலேரியா புழு இருக்குன்னு வந்திருக்கு, ஆனா ஒரு தொந்தரவும் இல்ல. அண்ணனுக்கு நாலு வருஷமா கால் வீக்கம், அவர் ரத்தத்துல புழுவே இல்லையாம். ரிப்போர்ட் மாறிப்போச்சா? நான் இம்யூனிட்டி பூஸ்டர் சாப்பிடலாமா? அவர் வீக்கத்துக்கு ஸ்டீராய்டு போடலாமா?

பதில்: ரிப்போர்ட் மாறல, யானைக்கால் நோய்ல இது ரொம்ப சகஜம். பெரிய புழு, உடம்புல கசியுற நீர வடிக்கிற நிணநீர் குழாய்க்குள்ள அஞ்சாறு வருஷம் குடித்தனம் பண்ணும், அத்தனை நாள் உயிரோட இருக்கணும்னா நம்ம எதிர்ப்பு சக்திய தட்டித் தூங்க வைக்கணும்ல, அதத்தான் உங்க உடம்புல பண்ணிட்டிருக்கு. எதிர்ப்பு செல்கள் ஒண்ணுக்கொண்ணு தகவல் சொல்ற ரசாயனத்துக்கு சைட்டோகைன்னு பேரு. உங்கள மாதிரி ஆளுங்களுக்கு அதுல இன்டர்லூகின்-10 தூக்கலா இருக்கும், அது "சண்டை வேணாம், அடங்கு"ன்னு சொல்ற ரகம். அண்ணனுக்கு நேர்மாறு. இன்டர்ஃபெரான் காமா, டிஎன்எஃப், இன்டர்லூகின்-17னு சண்டைய மூட்டுற சைட்டோகைன் எல்லாம் கிளம்பி புழுவோட மல்லுக்கட்டுது, போதாததுக்கு புழுவுக்குள்ள வொல்பாக்கியான்னு ஒரு பாக்டீரியா வேற இருக்கு, புழு சாகும்போது அதுவும் வெளிய வந்து எரியுற தீயில எண்ணெய் ஊத்துது. இந்த அடிதடியில நிணநீர் குழாய் கெட்டுப்போச்சு. புழு போனாலும் குழாய் பழையபடி ஆகாது, அதான் வீக்கம் நிக்குது.

இப்ப சொல்லுங்க, பூஸ்டர் போட்டு எதை கூட்டப்போறீங்க? எனக்கு அந்த வார்த்தையே பிடிக்காது. ஏன்னு வேற ஒரு புழுவ வச்சு சொல்றேன். நத்தை மூலமா பரவுற சிஸ்டோசோமான்னு ஒரு புழு இருக்கு, அதோட முட்டை கல்லீரல்ல போய் சிக்கிக்கும், இன்டர்லூகின்-4, 13 ரெண்டும் அதச் சுத்தி வேலி கட்டும். வேலி கட்டலன்னா முட்டையோட விஷம் கல்லீரல அரிக்கும், ஆனா 13 அளவு மீறிப்போனா அந்த வேலியே தழும்பாகி கல்லீரல் இறுகிப்போகும். நல்ல சைட்டோகைன், கெட்ட சைட்டோகைன்னு பிரிக்கவே முடியாது, எல்லாம் அளவுதான். இதுக்கு சைட்டோகைன் டெஸ்ட் எடுக்கவும் வேணாம், அது ஆராய்ச்சிக்கு சரி, உங்க மருந்த அது ஒண்ணும் மாத்தப்போறதில்ல.

தொந்தரவு இல்லன்னு நீங்க சும்மா இருந்துடாதீங்க. வெளிய தெரியலன்னாலும் ஸ்கேன்ல பாத்தா குழாய் விரிஞ்சிருக்கலாம், உங்கள கடிக்கிற கொசு அடுத்தவங்களுக்கும் கொண்டுபோகும். டாக்டர் எழுதிக்குடுக்குற டிஇசி, அல்பெண்டசோல் மாதிரி மாத்திரைய ஒழுங்கா போடுங்க. போட்டதும் ஒண்ணு ரெண்டு நாள் காய்ச்சல், உடம்பு வலி வரலாம், பெரிய புழு போட்டு ரத்தத்துல சுத்துற குட்டிப்புழு கூட்டமா சாகும்போது எழுற அலாரம் அது, ரத்தத்துல புழு அதிகமா இருந்தா அதுவும் அதிகமா இருக்கும். மூச்சுத்திணறல், மயக்கம்னா மட்டும் உடனே ஆஸ்பத்திரி.

அண்ணனுக்கு மாத்திரைய விட சோப்பும் தண்ணியும்தான் முக்கியம்னா நம்பமாட்டீங்க. தினமும் கால கழுவி, விரல் இடுக்க ஈரம் இல்லாம துடைச்சு, சின்ன வெடிப்புக்கும் மருந்து போடணும், ஏன்னா அது வழியா பாக்டீரியா உள்ள போய் அடிக்கடி குளிர்காய்ச்சல் வரும், ஒவ்வொரு தடவையும் வீக்கம் ஒரு படி ஏறும். டாக்ஸிசைக்ளின்ங்கிற ஆன்டிபயாடிக் அவருக்கு ஒத்துவருமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

ஸ்டீராய்ட மட்டும் சொந்தமா தொடாதீங்க. ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ்னு ஒரு குடல் புழு பல வருஷம் சத்தமில்லாம உள்ள கிடக்கும், ஸ்டீராய்டு எதிர்ப்பு சக்திய அமுக்குனதும் அது கட்டுக்கடங்காம பெருகி நுரையீரல் வரைக்கும் போகும், உயிரே போயிடும். ரத்தத்துல ஈசினோஃபில்ங்கிற ஒரு வகை வெள்ளை அணு கூடுதலா இருந்தா, அந்தப் புழு இல்லன்னு பாத்துட்டு அப்புறம்தான் ஸ்டீராய்டு பத்தின பேச்சே.