பிளஸ் டூ முடிக்கும் மகனைக் கப்பல் அதிகாரி படிப்பில் சேர்க்கலாமா?

தூத்துக்குடியிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பையன் பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படிக்கிறான். கப்பல் செலுத்தும் படிப்பான நாட்டிகல் சயின்ஸைத் தவிர வேறு பேச்சே வேண்டாம் என்கிறான். ஒரு ஏஜெண்ட், சில லட்சம் கட்டினால் படிப்பும் வேலையும் சேர்த்தே வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் தம்பியோ, ‘இனிமேல் கப்பலைக் கம்ப்யூட்டரே ஓட்டும், இதில் போய்ப் பணத்தைப் போடாதே அக்கா’ என்கிறார். தம்பியின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதற்குப் பதில் புரிந்தால், பையன் எதைப் படிக்கப் போகிறான், எப்படிப்பட்ட கல்லூரி வேண்டும் என்பதும் பாதி புரிந்துவிடும்.

தம்பி சொல்வதில் உண்மை இருக்கிறது. இன்றைய கப்பலின் பிரிட்ஜில், அதாவது கப்பலைச் செலுத்தும் மேல்தள அறையில், ஏறிப் பார்த்தால் திரைகள்தான் நிறைந்திருக்கும். ஜிபிஎஸ் இடத்தைச் சொல்கிறது. எக்டிஸ் என்ற மின்னணு வரைபடத்தில் கப்பல் நகர்வது கண் முன்னால் தெரிகிறது. சுற்றியுள்ள கப்பல்களை ரேடார் காட்டுகிறது, அவற்றின் பெயரையும் வேகத்தையும் ஏஐஎஸ் சொல்கிறது. ஆட்டோபைலட் திசையைப் பிடித்துக்கொள்கிறது. அப்படியானால் அதிகாரி எதற்கு?

1995 ஜூன் மாதம் ராயல் மெஜஸ்டி என்ற பயணிகள் கப்பல் பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குப் புறப்பட்டது. கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே ஜிபிஎஸ் ஆன்டெனாவின் கேபிள் கழன்றுவிட்டது. கருவி நின்றுபோகவில்லை. செயற்கைக்கோள் சிக்னல் இல்லாததால், வேகத்தையும் திசையையும் வைத்துத் தானாகவே இடத்தைக் கணக்குப் போட்டுக் காட்ட ஆரம்பித்தது. திரையின் ஓரத்தில் இரண்டு சிறிய குறியீடுகள் மட்டும் மாறின. அதை யாரும் கவனிக்கவில்லை. காற்றும் நீரோட்டமும் கப்பலை மெல்ல மெல்ல ஒதுக்கின. சுமார் 34 மணி நேரம் கழித்து, 1,500 பேருக்கு மேல் ஏற்றியிருந்த அந்தக் கப்பல் நான்டக்கெட் தீவுக்குக் கிழக்கே மணல் திட்டில் ஏறி நின்றது. போக வேண்டிய பாதையிலிருந்து 17 மைல் விலகியிருந்தது. இடத்தைச் சரிபார்க்க லோரான் என்ற இன்னொரு கருவி அதே பிரிட்ஜில் இருந்தது, அதோடு யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரும் இருந்தது, ஆனால் அதன் அலாரம் பூஜ்யத்தில் வைக்கப்பட்டிருந்ததால் எச்சரிக்கவில்லை. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை.

இது பழைய கதை என்று தம்பி சொன்னால், 2013 செப்டம்பரில் ஓவிட் என்ற டேங்கர் கப்பலுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். இங்கிலாந்தின் டோவர் நீரிணையில் வார்ன் மணல் திட்டின் மேல் அது தட்டி நின்றது. அனுபவம் குறைந்த இளம் அதிகாரி ஒருவர் எக்டிஸில் போட்ட பாதையே அந்தத் திட்டின் மேல்தான் போயிற்று. கேப்டன் அதைச் சரிபார்க்கவில்லை. பாதுகாப்பு ஆழத்துக்கான அமைப்பு சரியாக வைக்கப்படவில்லை, அலாரச் சத்தமும் வரவில்லை. அந்த அதிகாரிகளுக்கு எக்டிஸ் பயிற்சி கொடுக்கப்பட்டிருந்தது என்பதுதான் இதில் மிகவும் யோசிக்க வேண்டிய விஷயம். சான்றிதழ் இருந்தது, கருவி கைவரவில்லை.

ஆளில்லாக் கப்பல் முயற்சிகள் நடக்கத்தான் செய்கின்றன. நார்வேயில் அந்த நோக்கத்தோடு கட்டிய யாரா பிர்க்கலாண்ட் என்ற கப்பல் 2022-ல் சரக்கு ஏற்ற ஆரம்பித்தது. அது ஓடுவது கரையோரக் குறுந்தூரம், அதிலும் மாலுமிகளுடன்தான் தொடங்கினார்கள். கடல்கடந்து போகும் பெரிய கப்பல்களில் உங்கள் மகனின் பணிக்காலத்தில் வேலையின் தன்மை மாறும். ஆனால் வேலையே இல்லாமல் போகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே இந்தப் படிப்பின் உயிர், திரை சொல்வதை வேறொரு வழியில் சரிபார்க்கும் பழக்கம். அதனால்தான் ஜிபிஎஸ் இருந்தும் காகித வரைபடத்தில் பென்சிலால் இடம் குறிப்பதும், செக்ஸ்டன்ட் பிடித்துச் சூரியனின் உயரத்தை அளப்பதும், காம்பஸ் பிழை கண்டுபிடிப்பதும் இன்னும் பாடத்தில் இருக்கின்றன. எஸ்டிசிடபிள்யூ என்ற 1978-ம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கைதான் உலகம் முழுவதும் இந்தப் பயிற்சிக்கு அடிப்படை. 2010-ல் மணிலாவில் அதைத் திருத்தியபோது எக்டிஸும் பிரிட்ஜில் சேர்ந்து வேலை செய்யும் முறையும் அழுத்தம் பெற்றன. கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தையும் யூனிஃபார்மையும் பார்த்து மயங்க வேண்டாம். பிரிட்ஜைப் போலவே அமைத்துப் பயிற்சி தரும் சிமுலேட்டர் அறையைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு மாணவனுக்கு அதில் எத்தனை மணி நேரம் கிடைக்கிறது, பயிற்சியின் நடுவில் ஜிபிஎஸ்ஸை வேண்டுமென்றே தவறாகக் காட்டவிட்டுப் பையன்கள் கண்டுபிடிக்கிறார்களா என்று சோதிப்பார்களா என்று கேளுங்கள். கடலில் கேப்டனாக இருந்து வந்த ஆசிரியர் என்றால் இந்தக் கேள்விக்கு உற்சாகமாகப் பதில் சொல்வார்.

சரி, இப்போது பையன் விஷயம். முதலில் கண்.

மதிப்பெண்ணுக்கும் முன்னால் இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இரவில் கப்பலின் இடது பக்கம் சிவப்பு விளக்கு, வலது பக்கம் பச்சை விளக்கு எரியும். நம் வலப்புறமிருந்து ஒரு கப்பல் குறுக்கே வந்தால் அதன் சிவப்பு விளக்கு தெரியும், நாம்தான் விலகிக்கொடுக்க வேண்டும். 1972-ம் ஆண்டின் மோதல் தடுப்பு விதிகள் இப்படித்தான் அமைந்திருக்கின்றன. சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாதவருக்கு இந்த வேலை கிடையாது. சிறிய அளவு நிறக்குறை பலருக்குத் தெரியாமலே இருக்கும், வீட்டில் யாருக்கும் சந்தேகமே வந்திருக்காது. கப்பலைச் செலுத்தும் டெக் பிரிவில் சேரும்போது கண்ணாடி இல்லாமலே நல்ல தூரப்பார்வை வேண்டும். கண்ணாடி போடும் பையனுக்கு இன்ஜின் பிரிவில் ஓரளவு இடம் உண்டு, டெக் பிரிவு கடினம். கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் இப்போதே காட்டிவிடுங்கள். கட்டணம் கட்டிய பிறகு மருத்துவத்தில் விழுந்த பையன்களின் பெற்றோர் படும் வேதனை பெரிது.

அப்புறம் மதிப்பெண். இயற்பியல், வேதியியல், கணிதம் சேர்த்து 60 சதவீதமும், பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டிலோ ஆங்கிலத்தில் 50 சதவீதமும் வேண்டும். இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் நடத்தும் பொது நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். 2008-ல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் சென்னையில்தான். டெக் அதிகாரியாக முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று மூன்று வருட பி.எஸ்சி. நாட்டிகல் சயின்ஸ், அதன்பின் ஒரு வருடக் கடல் பயிற்சி. மற்றொன்று ஒரு வருட டிப்ளமோ, அதன்பின் 18 மாதக் கடல் பயிற்சி. அதற்குப் பிறகு செகண்ட் மேட் என்ற தகுதிச் சான்றிதழுக்கான தேர்வு, எழுத்தும் உண்டு, வாய்மொழியும் உண்டு. தேறினால்தான் தேர்ட் ஆபீசராகத் தனியாக வாட்ச், அதாவது முறை வைத்துப் பிரிட்ஜில் நிற்கும் கண்காணிப்புப் பணி, பார்க்க முடியும். ஆறு மாத ஜிபி ரேட்டிங் படிப்பு இதிலிருந்து வேறு, அது மாலுமிப் பணிக்கானது. அதையும் ‘மெர்ச்சன்ட் நேவி படிப்பு’ என்றே விற்பதால் விளம்பரத்தில் படிப்பின் பெயரை நன்றாகப் பாருங்கள்.

மேலே நான் சாதாரணமாக எழுதிய ‘கடல் பயிற்சி’ என்ற சொல்லில்தான் நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். படிப்பு முடித்தவுடன் கேடட்டாக, அதாவது பயிற்சி அதிகாரியாக, ஏற்றிக்கொள்ள ஒரு கப்பல் கம்பெனி வேண்டும். அது இல்லாமல் செகண்ட் மேட் தேர்வு எழுத முடியாது, கையில் இருக்கும் பட்டமும் பாதிதான். கேடட் இடம் கிடைக்காமல் காத்துக்கொண்டே இருக்கும் பையன்களை எனக்குத் தெரியும். அதனால் டிப்ளமோ என்றால் பயிற்சிக்கு ஏற்றிக்கொள்வதாகச் சொல்லும் கம்பெனி ஸ்பான்சர்ஷிப் கடிதம் கையில் வந்த பிறகே சேர்ப்பது நல்லது. பி.எஸ்சி. என்றால், போன வருடம் முடித்தவர்களில் எத்தனை பேர் கப்பல் ஏறினார்கள், எந்தக் கம்பெனியில் என்று கல்லூரியிடம் எழுத்தில் கேளுங்கள். முடிந்தால் அந்தப் பையன்களில் இருவரிடமாவது நேரில் பேசுங்கள். ‘நூறு சதவீத வேலை உறுதி’ என்ற பலகையை நம்ப வேண்டாம்.

ஏஜெண்ட் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கப்பலில் ஆள் அமர்த்தும் நிறுவனங்களுக்கு இயக்குநரகம் ஆர்பிஎஸ்எல் என்ற உரிமம் கொடுக்கிறது. உரிமம் வைத்திருப்பவர்கூட வேலைக்காக மாலுமியிடம் பணம் வாங்குவது சட்டவிரோதம். உரிம எண்ணைக் கேளுங்கள், இயக்குநரகத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். கல்லூரியின் அங்கீகாரத்தையும் அங்கேயே பார்க்கலாம்.

வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் நான்கு மணி நேரம் வாட்ச், எட்டு மணி நேரம் இடைவெளி. செகண்ட் ஆபீசர் ஆனால் பொதுவாக நள்ளிரவு 12 முதல் 4 வரை அவர் பொறுப்பு, பாதை போடுவதும் அவரே. 24 மணி நேரத்தில் 10 மணி நேர ஓய்வு விதிப்படி உண்டு. வேலை ஒப்பந்த முறை. இரண்டு ஒப்பந்தங்களுக்கு நடுவில் பல கம்பெனிகளில் சம்பளம் வராது. கேடட் காலத்தில் கிடைப்பதோ உதவித்தொகைதான். கல்விக் கடன் வாங்குவதென்றால் இந்த இடைவெளிகளைக் கணக்கில் வைத்து வாங்குங்கள்.

பையன் தனியாக, சலிக்காமல், யாரும் பார்க்காத நேரத்திலும் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கக் கூடியவனா? கணக்கின் விடை வந்த பிறகும் ஒருமுறை திருப்பிப் பார்ப்பவனா? இது உங்களுக்குத்தான் தெரியும், எந்த நுழைவுத் தேர்வும் இதைக் கேட்காது. ஆம் என்றால், தைரியமாக அனுப்பலாம் என்பதே என் கருத்து.

இந்த வாரம் கண் பரிசோதனையை மட்டும் முடியுங்கள். முடிவு வந்ததும் பையனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், கல்லூரிப் பட்டியலை மூவரும் உட்கார்ந்து பார்ப்போம்.