டீசல் தாங்கியில் புதுத் தகடு போட்ட பிறகு வெல்டிங்கைக் கண்ணால் பார்த்தால் போதுமா?

ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டீசல் தாங்கியின் அடித்தகடு இற்றுப்போய், புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ததாகச் சொல்கிறீர்கள். கண்ணால் பார்த்தால் போதாது.

நிலத்துக்கு மேல் நிற்கும் தாங்கிகளைத் திருத்துவதற்குப் பெரும்பாலும் பின்பற்றப்படுவது அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் (ஏபிஐ) 653 விதிமுறை. அதில் கண்பார்வை முதல் படிதான். அடித்தகட்டு வெல்டிங்குக்கு வெற்றிடப் பெட்டிச் சோதனை நல்ல வழி. வெல்டிங் கோட்டில் சவர்க்காரத் தண்ணீர் பூசி, கண்ணாடி போட்ட பெட்டியை அழுத்தி வைத்து, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சுவார்கள். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் குமிழி கிளம்பிவிடும். பெட்டியை நகர்த்தும்போது முன்பு பார்த்த இடத்தின் மேல் கொஞ்சம் ஏற்றி வைக்கச் சொல்லுங்கள். அவசரத்தில் விட்டுப்போவது அந்த இடுக்குதான்.

சுவரும் அடியும் சேரும் மூலையைத் தனியாகப் பாருங்கள். சுவரின் பாரம் அங்கேதான் இறங்குகிறது. உள்பக்கம் வெல்டிங்கின் முதல் ஓட்டம் முடிந்ததும், வெடிப்பில் ஊறிய சாயத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் சிவப்புச் சாயச் சோதனை செய்யலாம். சுவர்த் தகட்டையே வெட்டி மாற்றினால் எக்ஸ்ரே படமும் தேவைப்படலாம். பெரிய திருத்தம் என்றால் தண்ணீர் நிரப்பி 24 மணி நேரம் வைக்க வேண்டும்.

அப்புறம் நம்ம மலைநாட்டு மூடுபனி. ஈரத் தகட்டில் வெல்டிங் செய்யவே கூடாது. பொதியைப் பிரித்து வைத்த 7018 வகை எலக்ட்ரோட் (வெல்டிங் குச்சி) ஈரத்தைக் குடிக்கும். அதனால் வரும் வெடிப்பு மறுநாள்கூடத் தெரியலாம். அதனால் அடுத்த நாளும் ஒருமுறை பார்த்துவிட்டு டீசலை நிரப்புங்கள்.