ஒரு டொமைனிலிருந்து இன்னொரு டொமைனுக்குப் பயனர் கணக்கை நகர்த்தும்போது ஏன் பிழை வருகிறது?

ஆக்டிவ் டைரக்டரியில் (நிறுவனத்தின் பயனர்களையும் கணினிகளையும் நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் சேவை) டொமைன் என்பது கணக்குகளையும் குழுக்களையும் ஒன்றாக நிர்வகிக்கும் எல்லை. ஒரே ஃபாரஸ்டுக்குள் (ஒன்றாக இணைந்த டொமைன்களின் தொகுப்பு) கணக்கை வேறு டொமைனுக்கு நகர்த்தும்போது அடிக்கடி தடையாக நிற்பது குளோபல் குழுதான். தன் டொமைனைச் சேர்ந்தவர்களை மட்டுமே உறுப்பினராக வைத்துக்கொள்வது அதன் விதி. கணக்கு வெளியே போனால் விதி உடையும், அதனால் நகர்த்தலே மறுக்கப்படுகிறது. ஒரு குடியிருப்பின் சங்கத்தில் அங்கே வசிப்பவர்கள் மட்டும்தான் உறுப்பினர் என்றால், வீடு மாறும் முன் பெயரை நீக்கத்தானே வேண்டும்? அப்படித்தான் இதுவும்.

முதலில் குழுக்களின் பட்டியலைக் குறித்து வையுங்கள். இதைத் தவறவிட்டால் பின்னால் மிகவும் சிரமம். அப்புறம் கணக்கைக் குளோபல் குழுக்களிலிருந்து நீக்கி, நகர்த்தி, புதிய டொமைனில் பொருத்தமான குழுக்களில் சேர்த்துவிடுங்கள். குழுவையே யுனிவர்சலாக, அதாவது ஃபாரஸ்டின் எந்த டொமைனிலிருந்தும் உறுப்பினர்களை ஏற்கும் வகையாக, மாற்றுவதும் சரியான வழி. எல்லாப் பயனர்களும் இயல்பாகவே இருக்கும் டொமைன் யூசர்ஸ் என்ற முதன்மைக் குழு தடையாகாது.

பிழை தொடர்ந்தால், மூல டொமைனின் ரிட் மாஸ்டர் சர்வரில்தான் (புதிய கணக்குகளுக்கான அடையாள எண்களைப் பகிர்ந்தளிக்கும் சர்வர்) நகர்த்தும் கட்டளை ஓடுகிறதா என்று பாருங்கள்.

நகர்த்தினால் பழைய கோப்பு அனுமதிகள் எல்லாம் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். கணக்குக்குப் புதிய சிட் எண் (அனுமதிகளைச் சரிபார்க்கப் பயன்படும் அடையாள எண்) கிடைத்தாலும், பழையது கணக்கின் சிட் ஹிஸ்டரி என்ற பகுதியில் சேமிக்கப்படுவதால் அந்த எண்ணுக்குக் கொடுத்த அனுமதிகள் பொதுவாகத் தொடரும்.