கோட்டையைப் பிடித்தாச்சு, அப்புறம்?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். பெருந்துறைக்கு பஸ்ஸில் திரும்பும்போதெல்லாம் ஒரே யோசனை: 1800-ல் கோவைக் கோட்டையைத் தாக்கும் திட்டம் பலித்து, தீரன் சின்னமலை ஜெயித்திருந்தால்? இதை நோட்டுப் போட்டு எழுதவும் ஆரம்பித்துவிட்டேன். "நடக்காததை நெனச்சு என்னங்க பிரயோசனம்?" என்கிறாள் மனைவி. இது வெட்டி வேலையா?

பதில்: அப்படிப் பார்த்தால் கொங்கு நாட்டில் பாதிப் பேருக்கு இதுதான் வேலை. "அன்னைக்கே அவிநாசி ரோட்டுல அந்த இடத்த வாங்கிப் போட்டிருந்தா..." என்ற பேச்சு வராத கல்யாண வீடு உண்டா? நீங்கள் கொஞ்சம் பெரிய இடத்துக்கு ஆசைப்படுகிறீர்கள், அவ்வளவுதான்.

இந்த யோசனை இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. சங்ககிரியில் 1805 ஆடி 18-ல் தூக்கு என்று தெரிந்துகொண்டே சின்னமலை கதையைப் படிக்கிறோம். அதனால் அவர் செய்ததெல்லாம் தோற்கப்போகிறவர் செய்ததாகவே படுகிறது. 1800-ல் அவருக்கு அது தெரியாதே! அப்போது கேரளத்து வயநாட்டுப் பக்கம் பழசிராஜா ஆங்கிலேயருக்குப் பணியவில்லை. வடக்கே துந்தாஜி வாக் என்ற போர்த்தலைவர் குதிரைப்படையோடு கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். கம்பெனிதான் நிலைக்கும் என்று அன்றைக்கு அடித்துச் சொல்ல யாரால் முடிந்திருக்கும்? முடிவை மறந்துவிட்டுப் பார்க்கும்போதுதான் அந்த ஆட்களின் துணிச்சல் எவ்வளவு என்று புரிகிறது.

ஆனால் உங்கள் நோட்டு ஜெயித்த அன்றோடு நின்றுவிடுகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கோட்டையைப் பிடித்தாச்சு. சரி, அப்புறம்? திப்பு சுல்தானின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம் 1799 மே மாதமே கம்பெனி கைக்குப் போய்விட்டது. அங்கே இருந்த கம்பெனித் தளபதி ஆர்தர் வெல்லஸ்லி, பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த அதே ஆள். 1800 செப்டம்பரில் துந்தாஜியின் கதையையும் அவர் படைதான் முடித்தது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வாசல் மாதிரி இருக்கும் கோவையைக் கம்பெனி விட்டுக்கொடுத்திருக்குமா? அதை எழுதுங்கள். நம் ஆள் ஜெயித்தார், சுபம் என்று முடிப்பதில் எனக்கு ருசி இல்லை.

இன்னொன்று. ராஜா, பாளையக்காரர் யாருமே இல்லாமல் ஒன்று எழுதிப் பாருங்களேன். 1932-ல் நீலகிரியில் பைக்காரா ஆற்றுத் தண்ணீரில் மின்சாரம் எடுக்காமல் இருந்திருந்தால்? கோவையில் 1888-லேயே மில் வந்துவிட்டது, ஆனால் மில்கள் வரிசையாகப் பெருகியது பைக்காரா கரண்ட் வந்த பிறகுதான். அது இல்லையென்றால் உங்கள் பனியன் கம்பெனிக்குப் பக்கத்திலேயே நூல் கிடைத்திருக்குமா? தோட்டத்தில் மோட்டார் இல்லாமல், மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலையை இன்னமும் ஓட்டிக்கொண்டிருப்போமோ? மாடுகள் சரிவில் இறங்க இறங்க, தண்ணீர் மொள்ளும் சால் கிணற்றிலிருந்து மேலே வந்து வாய்க்காலில் தண்ணீரைக் கொட்டும். திரும்பப் பின்னாலேயே ஏற வேண்டும். ஒரு வயல் நனைய எத்தனை நடை!

இந்த அத்தியாயத்துக்கு உங்கள் வீட்டம்மாவைக் கூட்டுச் சேருங்கள். அவருடைய அப்பாரு தோட்டத்துக் கிணற்றுக்கு எந்த வருஷம் மோட்டார் வந்தது, அதுவரை யார் கவலை ஓட்டினார்கள் என்று கேளுங்கள். பிரயோசனம் என்ன என்று கேட்டவரே நோட்டை வாங்கி ரெண்டு பக்கம் எழுதினாலும் எழுதுவார்.