கேப் எபிக் போக வார இறுதி ஓட்டிகளுக்கு ஒரு வருடப் பயிற்சி போதுமா?

கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். நீங்களும் நண்பரும் வார இறுதிகளில் மவுண்டன் பைக் ஓட்டுகிறீர்கள், நூறு கிலோமீட்டர் ஓட்டினால் களைப்பு உண்டு ஆனால் முடித்துவிடுவீர்கள், இருவருக்கும் முழுநேர வேலை. தென்னாப்பிரிக்காவின் கேப் எபிக் பந்தயத்தில் ஜோடியாகக் கலந்துகொள்ள ஆசை. ஒரு வருடம் போதுமா, என்ன சைக்கிள் வாங்குவது?

போதும், போகலாம். அந்தப் பந்தயத்தைப் பின்வரிசையில் முடித்த ஆள் என்ற முறையில் சொல்கிறேன். ஆனால் சைக்கிள் கேள்வியைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். நீங்கள் கேட்காத விஷயம்தான் முதலில் வரவேண்டும். நீங்கள் இருவரும் அடுத்தடுத்த நாட்களில் சேர்ந்து எவ்வளவு ஓட்டியிருக்கிறீர்கள்?

2004-இல் தொடங்கிய பந்தயம் இது. மேற்குக் கேப் மாகாணத்தில் மார்ச் மாதம், அதாவது அங்கே கோடை முடியும் சமயத்தில் நடக்கும். ஒரு சிறிய முன்னோட்டச் சுற்று, அப்புறம் ஏழு கட்டங்கள், மொத்தம் எட்டு நாள். தடம் வருடா வருடம் மாறும். தோராயமாக 600 முதல் 700 கிலோமீட்டர், கூட்டிப் பார்த்தால் 15,000 மீட்டரை ஒட்டிய ஏற்றம். எவரெஸ்ட்டின் உயரமே 8,849 மீட்டர்தான். இதைப் பார்த்ததும் எல்லோரும் கால் வலுவைப் பற்றியே யோசிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். உண்மையில் மாட்டுவது வேறு இடத்தில். முன்னணி வீரர்கள் ஒரு கட்டத்தை நாலைந்து மணி நேரத்தில் முடித்துவிட்டு, குளித்து, சாப்பிட்டு, மசாஜ் முடித்துப் படுத்திருப்பார்கள். நம்மைப் போன்றவர்கள் அதே தடத்தில் எட்டு மணி நேரம் வெயிலில் இருந்துவிட்டுப் பிற்பகலில் வந்து சேருவோம், அதற்குப் பிறகுதான் சைக்கிள் கழுவ வரிசை, சாப்பாட்டுக்கு வரிசை, மறுநாள் பாட்டில்களை நிரப்பி வைக்கிற வேலை எல்லாம், மறுபடி விடிவதற்கு முன் எழுந்துவிட வேண்டும். ஆக, உடம்பு தேற யாருக்கு அதிக நேரம் தேவையோ அவர்களுக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது. அதனால் ஒரு நாளில் எவ்வளவு வேகமாகப் போகிறீர்கள் என்பதைவிட, மறுநாள் காலையில் கால் என்ன சொல்கிறது என்பதை வைத்துப் பயிற்சியைத் திட்டமிடுங்கள்.

ஜோடி விஷயம் இன்னும் முக்கியம். இங்கே அணி என்றால் இரண்டே பேர், ஒருவருக்கொருவர் இரண்டு நிமிடத்துக்கு மேல் விலகக் கூடாது. மீறினால் நேர அபராதம் உண்டு. விதியைப் படிக்கும்போது சாதாரணமாகத்தான் தெரியும். ஏற்றத்தில் ஒருவர் சற்றே வலுவாக இருந்து, ஒவ்வொரு மேட்டிலும் பத்து மீட்டர் முன்னால் போய்த் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தால், பின்னால் வருபவர் எட்டு மணி நேரமும் தன் அளவுக்கு மீறி மிதித்துக்கொண்டிருப்பார், மூன்றாம் நாள் அவர் காலி. முன்னால் போனவருக்கும் அங்கேயே கதை முடிந்தது. வலுவானவர் ஏற்றத்தில் பின்னாலும், சமதளத்தில் எதிர்க்காற்று வீசும்போது முன்னாலும் ஓட்டுவது நல்ல ஏற்பாடு. அந்த வட்டாரத்தில் கோடையில் தென்கிழக்குக் காற்று பலமாக வீசும், அப்போது அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து வருகிறவருக்கு நிறைய சக்தி மிச்சமாகும். எங்கள் ஜோடியில் மெதுவான ஆள் நான். வேகத்தை நான்தான் தீர்மானிப்பேன் என்று கிளம்பும் முன்பே பேசி வைத்திருந்தோம், அது ஒன்றுதான் எங்களுக்குள் சண்டை வராமல் காப்பாற்றியது. ஒருவர் காயப்பட்டால் மற்றவர் தனியாகத் தொடர்வாரா, இல்லை இருவரும் நிறுத்திவிடுவதா? இதையும் இப்போதே பேசிவிடுங்கள். பந்தயத்தின் நடுவில், உடம்பில் தண்ணீர் வற்றிய நிலையில், நல்ல முடிவு எடுக்க முடியாது.

பயிற்சிக்கு வாரம் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் கிடைத்தால் தாராளம். அதில் பெரும்பகுதி மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் இருக்கட்டும். வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை நீண்ட ஏற்றத்தில் கடுமையாக. சனிக்கிழமை ஐந்து மணி நேரம் ஓட்டிவிட்டு ஞாயிறு நாலு மணி நேரம் ஓட்டுங்கள். சனிக்கிழமை எண்களைப் பார்த்துப் பெருமைப்பட வேண்டாம், ஞாயிறு கடைசி ஒரு மணி நேரத்தைப் பாருங்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறைத்து ஓய்வு. பந்தயத்துக்கு ஏழெட்டு வாரம் முன்பு விடுமுறை எடுத்து மூன்று நான்கு நாள் தொடர்ச்சியாக இருவரும் ஓட்டுங்கள். கடைசி இரண்டு வாரம் ஓட்டத்தைக் குறைத்துவிட வேண்டும். அப்புறம், இறக்கம். சரளைக் கல்லும் மணலுமாக நீளும் இறக்கங்களில் முதலில் போவது மணிக்கட்டும் கழுத்தும்தான், காலல்ல. ஜிம்மில் மேலுடம்புக்கும் கொஞ்ச நேரம் கொடுங்கள்.

சாப்பாட்டைக் கணக்காகவே பார்த்துவிடலாம். நீங்கள், சைக்கிள், தண்ணீர் எல்லாம் சேர்த்து 90 கிலோ என்று வையுங்கள். அதை 2,000 மீட்டர் மேலே ஏற்ற சுமார் 1,770 கிலோஜூல் வேலை. உடம்பு எரிக்கிற சக்தியில் கால்வாசிக்கும் சற்றுக் குறைவாகத்தான் பெடலுக்குப் போய்ச் சேருகிறது என்பதால், ஏற்றத்துக்கு மட்டுமே 1,700 கலோரிக்கு மேல் ஆகிவிடும். இதுபோக உருளும் உராய்வு, காற்று, மணல். இரவு ஒரே வேளையில் இதைத் திரும்ப நிரப்ப முடியாது, ஓட்டும்போதே மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து உள்ளே போயாக வேண்டும். குளுக்கோஸ் மட்டும் என்றால் குடல் மணிக்கு 60 கிராம் அளவில் திணற ஆரம்பிக்கும். ஃபிரக்டோஸ் வேறு வழியாக உறிஞ்சப்படுவதால் இரண்டும் கலந்த பானங்களும் ஜெல்களும் வருகின்றன. குடலுக்கும் பழக்கம் வேண்டும், ஆகவே பயிற்சியிலேயே அந்த அளவு சாப்பிட்டுப் பழகுங்கள். உப்பில்லாமல் வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும்.

வலி தாங்கவில்லை என்று ஐபுபுரோஃபென் போட்டுக்கொண்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

பலர் கோட்டை விடும் இன்னொரு இடம் சுத்தம். தடம் பண்ணை நிலங்கள் வழியாகப் போகும், சக்கரம் வாரி அடிக்கும் சேற்றில் சாணமும் கலந்திருக்கலாம், அது நேராக பாட்டில் வாயில் வந்து உட்காரும். 2007-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு மலை சைக்கிள் பந்தயத்தில் சேறு வாய்க்குள் போனதால் நிறையப் பேருக்குக் கேம்பிலோபாக்டர் என்ற வயிற்றுப்போக்கு தரும் பாக்டீரியாவின் தொற்று வந்தது. மூடி போட்ட பாட்டில் வாங்குங்கள், முகாமில் சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். தினமும் புதிதாகத் துவைத்த ஷார்ட்ஸ், உட்காரும் இடத்தில் உராய்வைக் குறைக்கும் கிரீம், முடித்தவுடன் ஈர உடையைக் கழற்றுவது. உட்காரும் இடம் புண்ணாகி விலகியவர்களும் உண்டு.

சரி, சைக்கிள். முன்னும் பின்னும் சஸ்பென்ஷன், 29 அங்குலச் சக்கரம், 100 முதல் 120 மில்லிமீட்டர் டிராவல் (சஸ்பென்ஷன் அமுங்கும் தூரம்). இந்த வகையில் உங்கள் பணத்துக்கு வருவது எதுவானாலும் சரி. எடையில் அரை கிலோ குறைக்க லட்சங்களைக் கொட்டுவதைவிட முன்னால் பெடலோடு சுற்றும் 30 பல் செயின்ரிங், பின்சக்கரத்தில் 51 பல் வரை போகும் கேசட் (பல்சக்கர அடுக்கு) என்று லேசான கியர் வைத்துக்கொள்வது ஐந்தாம் நாள் அதிகம் உதவும். ட்யூப்லெஸ் டயர், உள்ளே சின்ன ஓட்டைகளைத் தானே அடைக்கும் புது சீலன்ட் திரவம், பக்கச்சுவர் கெட்டியானதாக. முட்களும் கூரான கற்களும் அங்கே தாராளம். ஓட்டையை அடைக்கும் பிளக், செயின் இணைப்பு, பின் கியர் மாட்டும் ஹேங்கர் ஒன்று கூடுதலாக, பிரேக் பேடு இரண்டு ஜோடி. இருவரும் ஒரே மாதிரி பாகங்கள் வைத்துக்கொண்டால் ஒரே உதிரிப்பை போதும். பந்தயத்துக்கு முந்தைய மாதம் எதையும் புதிதாக மாற்றாதீர்கள், குறிப்பாக சீட்டையும் ஷூவையும்.

பயணக் காப்பீட்டின் சின்ன எழுத்துகளைப் படியுங்கள். பல பாலிசிகள் போட்டிகளில் ஏற்படும் காயத்தை விலக்கிவிடும், ஹெலிகாப்டர் மீட்புக்கும் பணம் தராது. விமானத்துக்கு சைக்கிளைப் பெட்டியில் கட்டும்போது இடது பெடலின் மரை தலைகீழ், வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். ஹைட்ராலிக் பிரேக் பேடுகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் தகடு செருகிவிடுங்கள்.

நுழைவுக் கட்டணம் அணிக்கு மொத்தமாக, அதுவும் பெரிய தொகை. பெயர் கொடுப்பதற்கு முன்னால் நண்பரோடு ஒரு மூன்று நாள் தொடர்ந்து மலையில் ஓட்டிப் பாருங்கள். நாலாம் நாளும் பேசிக்கொண்டிருந்தால் பணத்தைக் கட்டுங்கள், டயர் பிராண்ட் எது என்று அப்புறம் கேளுங்கள், சொல்கிறேன்.