யாரை பேன் செய்வது?

கேள்வி: ஐந்து பேருக்கு ஐந்து பேர் மோதும் மொபைல் லெஜண்ட்ஸ் மொபைல் கேமில் நாலு சீசனாக எபிக் என்ற நடு ரேங்கிலேயே கிடக்கிறேன். இந்த சீசனில் எதிரணிக்கு வாய்க்கிற ஹீரோக்கள் எல்லாமே ஓபி, அளவுக்கு மீறிய பலம். காசு பார்க்கத்தான் கம்பெனி இப்படிச் செய்கிறது. எந்தெந்த ஹீரோ ஓபி என்று ஒரு பட்டியல் போடுங்கள். அவர்களை மட்டும் எடுத்து மேல் ரேங்கான மித்திக் ஏறிவிடுகிறேன்.

பதில்: பட்டியல் போடப் போவதில்லை. சீசன் நடுவிலேயே பேட்ச் என்ற திருத்தம் வந்து ஒருவரின் டேமேஜைக் குறைக்கும், இன்னொருவரின் கூல்டவுனை, அதாவது ஸ்கில் திரும்ப வரக் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டும். இந்தப் பக்கம் உங்கள் கைக்கு வருவதற்குள் பட்டியலில் பாதி பழசாகிவிடும். ஆனால் மறுப்பதற்கு அது முக்கியக் காரணம் இல்லை. பட்டியல் கிடைத்தாலும் அது உங்களை எபிக்கிலிருந்து தூக்கிவிடாது.

ஃபேனியை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனையோ சீசன்களாக பேன் வரிசையில், அதாவது மேட்ச் தொடங்கும் முன்பே யாரும் எடுக்க முடியாதபடி தடை செய்யப்படுகிறவர்களின் வரிசையில், நிற்கும் பெயர் அது. ஆனால் எல்லா ஆட்டக்காரர்களையும் சேர்த்துப் பார்த்தால், பல சீசன்களில் அவளுடைய வெற்றி விகிதம் 50 சதவீதத்துக்குக் கீழேதான் இருந்திருக்கிறது. கேபிளை எறிந்து சுவருக்குச் சுவர் பறக்க வேண்டும். ஒவ்வொரு கேபிளும் எனர்ஜியைத் தின்னும். கோணம் கொஞ்சம் பிசகினால் சுவரில் மாட்டாமல் நடுவழியில் எதிரிகள் முன்னால் போய் இறங்குவாள். பழகாத கையில் அவள் சுமை. ஆயிரம் மேட்ச் ஆடிய கையில் எமன். இரண்டும் ஒரே ஹீரோதான். இதில் யாரை ஓபி என்று நான் எழுதுவது?

வெற்றி விகிதத்தைப் படிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொரு மேட்சிலும் ஐந்து பேர் ஜெயிக்கிறார்கள், ஐந்து பேர் தோற்கிறார்கள். அதனால் எல்லா ஹீரோவையும் சேர்த்துக் கணக்கிட்டால் சராசரி 50-க்குத்தான் வரும். ஒரு ஹீரோவை மிகச் சிலரே எடுத்து, விகிதம் 55-ல் நின்றால் பயப்பட வேண்டாம். அவரையே நம்பி ஆடும் பழக்கப்பட்ட கைகள் மட்டும் எடுத்திருப்பார்கள். எல்லாரும் எடுத்து, கற்றுக்குட்டிகளும் எடுத்து, அப்போதும் 50-க்கு நன்றாக மேலே நின்றால்தான் அந்த ஹீரோவுக்குப் பலம் கூடிவிட்டது என்று பொருள். பேன் விகிதம் வேறு சங்கதி. அது பலத்தைவிடப் பயத்தைத்தான் அதிகம் காட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2021 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த எம்3 உலகக் கோப்பையில் பிளாக்லிஸ்ட் இன்டர்நேஷனல் என்ற அணி நாக்அவுட்டின் ஆரம்பத்திலேயே ஒரு தொடரைத் தோற்று, ஒருமுறை தோற்றவர்களுக்கான லோயர் பிராக்கெட் வழியாக ஏறி வந்து, இறுதிப் போட்டியில் 4-0 என்று ஜெயித்தது. அந்த அணியிடம் எதிரணிகள் பயந்த ஹீரோக்களில் ஒருவர் எஸ்டெஸ். பாய்ந்து கொல்லும் அசாசின் இல்லை, தூரத்திலிருந்து சுடும் மார்க்ஸ்மேன் இல்லை. காயம் ஆற்றும் சப்போர்ட். அவர் அந்த அணியின் கையில் சிக்கிவிடக் கூடாது என்று எதிரணிகள் பேனைச் செலவழித்தன. ஐந்து பேரும் ஒட்டியே நகர்ந்து, ஒன்றாகவே சண்டைக்குப் போனதால்தான் எஸ்டெஸுக்கு அந்த மதிப்பு. அதே எஸ்டெஸை எபிக்கில் எடுத்து, மற்ற நாலு பேரும் நாலு திசையில் ஓடினால், அவர் யாருக்கு ஹீல் கொடுப்பார்?

சமீபத்தில் உங்களைப் போலவே குறைப்பட்ட ஒருவருடைய மேட்ச் ஹிஸ்டரியை உட்கார்ந்து பார்த்தேன். எதிரணியில் மூன்று பேர் கூட்டாகச் சேர்ந்து வந்தவர்கள். எஸ்டெஸ் அவர்களிடம். 14-வது நிமிடத்தில் மேட்ச் முடிகிறது. இவர் பக்கத்து ஐந்து பேரின் ஐட்டங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஹீலைக் குறைக்கும் சீ ஹால்பர்ட் இல்லை. முன்னால் நின்று அடி வாங்கும் டேங்கிடம், ஹீலைக் குறைக்கும் டாமினன்ஸ் ஐஸ் இல்லை. மந்திரத்தால் தாக்கும் மேஜிடமும் ஹீலைக் குறைக்கும் ஐட்டம் எதுவும் இல்லை. வாங்கக் கோல்டு இல்லாமலும் இல்லை. எஸ்டெஸின் ஹீல் இணைப்பு தூரம் கூடினால் அறுந்துவிடும் என்பதும் குறைப்பட்டவருக்குத் தெரியாது. கூட்டத்தைப் பிரித்துவிட ஒருமுறைகூட யாரும் முயலவில்லை. சாட்டில் மட்டும் “எஸ்டெஸ் ஓபி” என்று எழுதியிருந்தார். இதைத்தான் நீங்களும் நாலு சீசனாகச் செய்துகொண்டிருக்கிறீர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, காசு விஷயம். பாதி ஒத்துக்கொள்கிறேன். பெரும்பாலான புது ஹீரோக்களை, மேட்ச் ஆடினாலே கிடைக்கும் பேட்டில் பாயிண்டைச் சேர்த்தும் வாங்க முடிந்திருக்கிறது. அதனால் காசு இல்லாதவனுக்குக் கதவு அடைத்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் புது ஹீரோ தூக்கலான பலத்தோடு வருவதும், ஊரெல்லாம் வாங்கி முடித்த பிறகு நெர்ஃப் ஆகிப் பலம் குறைவதும் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. மேட்ச் மேட்சாக ஆடிப் பாயிண்ட் சேர்த்து வாங்கியவனுக்கு அது அநியாயம். சோதித்துப் பார்க்கவே அட்வான்ஸ்டு சர்வர் என்ற தனி சர்வர் இருக்கும்போது, அந்தச் சோதனையை முழுதாக முடித்துவிட்டு வெளியே விட வேண்டும். இதில் உங்கள் கோபத்தோடு நானும் நிற்கிறேன். 120-க்கும் மேற்பட்ட ஹீரோக்களைச் சமன் செய்வது கஷ்டம்தான். மித்திக்கில் ஆட்டிப் படைக்கும் ஹீரோவின் பலத்தை வெட்டினால் எபிக்கில் அவன் செத்தே போவான். அந்தக் கஷ்டத்துக்கான விலையை ஆடுகிறவன் தலையில் கட்டக் கூடாது.

இனி உங்கள் வேலை. எபிக் தொட்டதுமே டிராஃப்ட், அதாவது இரு அணியும் மாறி மாறி ஹீரோ எடுக்கும் முறை வந்துவிடுகிறது, பேன் செய்யும் உரிமையும் வருகிறது. அதை அவசரத்தில் வாய்க்கு வந்த பெயரில் வீணாக்காதீர்கள். உங்கள் லேனில், அதாவது நீங்கள் காக்கும் பாதையில், நீங்கள் நன்றாக ஆடும் இரண்டு ஹீரோக்களை வைத்துக்கொள்ளுங்கள். அந்த இருவரையும் திணறடிப்பவர் யாரோ, அவரை பேன் செய்யுங்கள். ஃபேனி திறந்திருந்து, உங்கள் அணியில் அவளை ஆடத் தெரிந்தவர் யாரும் இல்லையென்றால் முதல் பேன் அவளுக்கு. அப்படியும் தப்பி எதிரணிக்குப் போய்விட்டால் அவளைத் தடுத்து நிறுத்தக்கூடிய ஃபிராங்கோவையோ குஃப்ராவையோ எடுக்கச் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே அவளுடைய எனர்ஜிக்குக் கைகொடுக்கும் பர்ப்பிள் பஃப் கிடைக்கும் இடத்துக்கு இரண்டு பேராகப் போய் நில்லுங்கள். அது கிடைக்காவிட்டால் எனர்ஜி வற்றி, மூன்றாவது கேபிளுக்கே திண்டாடுவாள்.